செவ்வாய்க்கு மறுநாள்

என் செல்ல எர்கெஜானுக்கு,

உன் அண்ணி மக்பால் எழுதுவது. இங்கே ஆளும் சுகம், ஆடுமாடும் சுகம். மாமாவுக்கு மூட்டுவலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழைக்குப் பின்னால் போகிறது. உன் அண்ணனுக்கு வழுக்கை இன்னும் ஒரு விரல் ஏறியிருக்கிறது, நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னமும் ரொட்டித் துண்டை வாயில் கவ்விக்கொண்டு கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறாயா?

அண்ணி எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். பக்கத்து வீட்டு லாரிக்காரர் வில்னியஸ் வரைக்கும் சரக்கு ஏற்றிப் போகிறார். அவரிடம் ஒரு பை குர்த் கொடுத்திருக்கிறேன். உன் அம்மாவின் கைப்பக்குவம் வராது, ஆனால் புளிப்புக்குக் குறைவில்லை. அந்தத் தயிர்க்கட்டிகளுக்கு அடியில்தான் இந்தக் கடிதம் இருக்கும். பல் உடையாமல் கடித்துக்கொண்டு நிதானமாகப் படி. நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் திறந்த வாய் மூடவில்லை.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள், எர்கெஜான். சாரிபுலாக்கில் யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத, வண்டியே வராத தெருவைக்கூட இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டுகிற என்னை. பெயர்ப்பலகை இல்லாமல் ஒரு மஞ்சள் கட்டடம் இருக்கிறதே, அதற்குள்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் தன் கடையில் விற்கிற பேசும் பெட்டிகளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், உன்னோடு நாங்கள் பேசுவது அதன் வழியாகத்தான் என்பதும் உனக்குத் தெரிந்ததே. மாமாவின் காதுக்கு அதன் சத்தம்தான் எட்டுகிறது. ஒரு உருளைக்கிழங்கு அளவு இருந்துகொண்டு தொழுகை நேரம் சொல்லும், டோம்ப்ரா வாசிக்கும், குதிரை என்ன விலை போகிறது என்று சொல்லும். அதை வேலை செய்யவிட்டு நான் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு குறை, 'ஏய் பெட்டி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது பதில் பேசும். எனக்கு அது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

போன கோடையில் நீயும் உன் அண்ணனும் அந்தப் பெட்டி வழியாகவே அந்தப் பெட்டியைப் பற்றிச் சண்டை போட்டீர்கள். அது எல்லாவற்றையும் கேட்கும், கேட்டதைச் சேர்த்துவைக்கும், அதிகாரம் உள்ளவன் கை நீட்டினால் எடுத்துக் கொடுத்துவிடும் என்றாய் நீ. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்றார் அவர். "கனம் இல்லேன்னு காட்டறதுக்கு, போறவன் வர்றவனுக்கெல்லாம் மடியை அவுத்துக் காட்டணுமாண்ணே?" என்று கேட்டாய். தெருவில் கேமரா வந்த பிறகுதான் காணாமல் போன நம் கன்றுக்குட்டி கிடைத்தது என்று அவர் சொல்ல, கன்றுக்குட்டியைக் கண்டுபிடித்த கண் உன்னையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது என்று நீ சொல்ல, நான் மாவு பிசைந்துகொண்டே இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது. அத்தை, உன் அம்மா, வழக்கம்போல நீ பேசத் தொடங்கியதும் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

அத்தை இறந்து வருடம் திரும்புகிறதல்லவா, விருந்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினோம். நீ எப்படியும் வந்துவிடுகிறேன் என்றாய். மண் போடத்தான் வர முடியவில்லை, இதற்காவது வருகிறேன் என்றாய். அன்று உன்னோடு வேறு என்னென்ன பேசினேன் என்று எனக்கு மறந்தே போயிற்று. மஞ்சள் கட்டடத்துக்கு மறக்கவில்லை.

யெல்நூர் என்று ஒரு தம்பி அங்கே அதிகாரி. தலைநகரில் வளர்ந்த பிள்ளை, நம் பாஷை பேசினால் நாக்கு கல்லில் இடறுகிறது. மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னான், தேநீரும் கொடுத்தான். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினான். நான் வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என் குரல் சுவரிலிருந்து வருகிறது. என் தும்மல், என் அடுப்பில் கெண்டி கொதிக்கிற சத்தம், பாலுக்கு அழுகிற நம் பூனையின் குரல், எல்லாம் அப்படியே அச்சு மாறாமல். எல்லாவற்றையும் கேட்பவர் கடவுள் ஒருவர்தான் என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கூடக் கேட்டதை இப்படித் திருப்பிப் போட்டுக் காட்டியதில்லை.

என் குரல் உன்னிடம் சொன்னது இது: "செவ்வாய்க்கு மறுநாள் நாங்க எல்லாரும் கூட்டம் கூடற இடத்துக்குப் போறோம். கனமானதுக்கு நாலு வீட்டுல சொல்லி வச்சாச்சு. கொழுத்த ஒண்ணைப் பார்த்து வச்சிருக்கு, அங்கேயே காலைக் கட்டி இழுத்துட்டு வந்துடுவோம். நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்."

உனக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு அங்கே வரவில்லை. அதே செவ்வாய்க்கு மறுநாள் சதுக்கத்தில் அனுமதி இல்லாமல் சிலர் கூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாம், எனக்குத்தான் தெரியாது. இயந்திரம் என் பேச்சை ரஷ்ய மொழியில் எழுதி, சிவப்புக் கோடு போட்டு அவன் மேசைக்கு அனுப்பியிருக்கிறது. கூட்டம் கூடப்போகிறது, கையில் கனமான ஆயுதம், காலைக் கட்டி இழுத்துவர ஒரு கொழுத்த மனிதர். நம் நகரத் தலைவர் எப்படி இருப்பார் என்று உனக்குத் தெரியும். பாவம், அவர் உட்கார்ந்தால் நாற்காலி கண்ணுக்குத் தெரியாது.

கொழுத்தது செம்மறி என்றேன். அவன் நம்பவில்லை. செம்மறி என்றால் செம்மறி என்று சொல்வதற்கென்ன என்றான். அதுவும் நியாயம்தான். மற்றதையாவது விளக்கலாம் என்று, பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். தம்பி, என் மாமனார் பெயரும் அந்தக் கிழமையின் பெயரும் ஒன்று, அவர் அந்தக் கிழமையில் பிறந்தவர். அவருடைய பெரிய அண்ணனுக்கு, ஆடும் காய்கறியும் விற்கக் கூடுகிற இடத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். சின்ன அண்ணனுக்கு ஒரு உலோகத்தின் பெயர், துருப்பிடிக்குமே, அந்த உலோகம். விருந்துக்கு அண்டா ஏற்றுகிற முக்காலியை எல்லாரும் அந்தப் பெயரால்தான் கேட்பார்கள், நான் கனமானது என்பேன். வீட்டுக்கு வந்த மருமகள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்லமாட்டாள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிற சொல்லையும் சொல்லமாட்டாள் என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை, மாடு பாட்டுப் பாடுவதைப் பார்ப்பவன் பார்வை. "ஒரு கிழமை பேரைச் சொல்ல என்னக்கா பயம்? ஒரே ஒரு தடவை வாயால சொல்லுங்க, இதோட விட்டுடறேன்" என்றான். நான் வாயைத் திறந்தேன், எர்கெஜான். கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் வராத சொல், அன்றைக்கும் வரவில்லை. "பயமில்ல தம்பி, மரியாதை" என்றேன். அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

அடுத்து உன்னைப் பற்றிய பேச்சு வந்தது. எர்கெஜான் என்ற பெயரில் அரசாங்கப் பதிவில் யாருமே இல்லையே என்றான். நாத்தனாரையும் நான் பெயர் சொல்வதில்லை, வீட்டுக்கு வந்த புதிதில் நான் வைத்த செல்லப் பெயர் அது என்றேன். இரகசியப் பெயர் என்று எழுதினான். ஆனால் நீ யார், எந்த ஊரில் எந்தச் சங்கத்தில் வேலை செய்கிறாய், வேவு பார்ப்பதை எதிர்த்து என்னென்ன எழுதியிருக்கிறாய் என்று எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. உன் பிறந்த நாள் எனக்கு ஒரு நாள் முன்பின்னாகத்தான் நினைவிருக்கும், அவனுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

இனிமேல் சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கடிதமே. நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள்.

உங்கள் வீட்டில் எல்லாருமே மறைமொழியில்தான் பேசுகிறீர்கள், இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டு இன்னொன்றைப் போட்டான். அத்தையின் குரல். இறந்தவரின் குரல், கரகரப்போடு, மூச்சிரைப்போடு, நம் சமையலறையிலிருந்து. "ஏய் பெட்டி, வில்னூஸ்ல இன்னைக்கு மழையா?" லேசான மழை என்றது பெட்டி. "குடை எடுத்துட்டுப் போறாளோ என்னவோ. அந்தக் கழுதைக்குக் குடைன்னாலே ஆகாது." அதற்குத் தனக்குப் பதில் தெரியவில்லை என்றது பெட்டி. "உனக்கு என்னதான் தெரியும், போ" என்றார் அத்தை.

தினமும் காலையில், நாங்கள் எழுந்திருக்கும் முன்னால், இதே கேள்வியாம். படுக்கையில் விழுந்த பிறகும், சமையலறை வரைக்கும் கேட்கும்படி கத்திக் கேட்டிருக்கிறார். வேலை வேலை என்று அந்த ஊருக்குப் போனவளின் பேச்சை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று சொன்ன அதே அத்தை. சாகும் வரைக்கும் உன்னோடு ஒரு வார்த்தை பேசாத அதே அத்தை. "தினம் இந்த வானிலைக் கேள்வி என்ன சமிக்ஞை அக்கா?" என்று கேட்டான் யெல்நூர். நான் அழுத அழுகையில் அவன் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தான். ஒரே கூரையின் கீழ் இருந்த எங்களுக்குத் தெரியாதது ஊருக்கு நடுவே ஒரு கட்டடத்துக்குத் தெரிந்திருக்கிறது. அது தெரிந்துவைத்திருந்தது மெய், புரிந்துகொள்ளவில்லை என்பதும் மெய். இதை நினைக்க நினைக்க எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

அந்தத் தம்பியைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். மேலே பதில் சொல்ல வேண்டியவன். ஒரு வழி சொன்னான். இந்த மறைச் சொற்களையெல்லாம் நாத்தனார்தான் சொல்லிக்கொடுத்தாள் என்று ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டால், என்னை விட்டுவிடுவார்கள். கூடவே அத்தையின் குரல் முழுவதையும் பதிந்து மாமாவுக்கென்று என் கையில் தருவான். உனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். வழக்குப் பதிவாகும், இந்த நாட்டு எல்லையில் கால் வைத்தால் பிடிப்பார்கள், அவ்வளவுதான் என்றான். நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அண்ணன் மேல் நீ கோபப்படக் கூடாது, அம்மா குரல் என்றதும் அவர் புத்தி தடுமாறிவிட்டது. தங்கை எப்படியும் அங்கேதானே இருக்கிறாள், கையெழுத்தால் அவளுக்கு அங்கே என்ன கெட்டுவிடும், அப்பாவுக்கு அம்மாவின் குரலாவது கிடைக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. எனக்கும் அந்தக் குரலின் மேல் அவ்வளவு ஆசை இருந்தது, மறைக்கவில்லை.

மாமா காதை என் பக்கம் சாய்த்தார். அத்தை குடை என்று சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். சிரித்தார், கண்ணைத் துடைத்தார். பிறகு, "என் காது மந்தம்தான்டா. மகளை வித்து அவ அம்மா குரலைக் கேக்கற அளவுக்கு மந்தமில்ல" என்றார். உன் அண்ணன் எழுந்து வெளியே போய் விறகு பிளந்தார். விறகு ஏற்கனவே நிறைய இருந்தது.

மறுநாள் மாமா தன் நல்ல சப்பான் அங்கியை உடுத்தி, வெள்ளைத் தொப்பியை வைத்து, என்னோடு புறப்பட்டார். யெல்நூரின் மேசை மேல் தன் அடையாள அட்டையை வைத்தார். நின்றபடியே சொன்னார்: "நீங்க தேடற செவ்வாய்க்கு மறுநாள் நான்தான். கூட்டம் கூடற இடம் எங்க பெரியண்ணன், கனமானது எங்க சின்னண்ணன். ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள இருக்காங்க. மிச்சம் நான் ஒருத்தன்தான், இதோ வந்துட்டேன், பிடிச்சுக்கோங்க." அவர் பெயர்களைப் பெயர்களாகத்தான் சொன்னார். என் பேனாவுக்கு வரமாட்டேன் என்கிறது, நீயே சரியாக வைத்துப் படித்துக்கொள்.

அந்தச் சத்தத்துக்கு உள்ளறையிலிருந்து அவனுடைய மேலதிகாரி வந்தார், ஐம்பது வயதுப் பெண்மணி. அட்டையை வாங்கிப் பார்த்தார், இயந்திரம் எழுதிய தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய் யெல்நூர், கல்யாணமான நாள்லேர்ந்து நானும் டீயில ஊத்தறதை 'வெள்ளை'ன்னுதான்டா சொல்றேன். என்னையும் உள்ள போடு" என்றார். மாமாவுக்கு நாற்காலி வந்தது, எங்கள் இருவருக்கும் வெள்ளை ஊற்றிய தேநீரும் வந்தது. என் மீதிருந்த சந்தேகம் அந்தச் சிரிப்பிலேயே தீர்ந்தது.

ஆனால் சிரித்து முடித்ததும் அந்த அம்மாள் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, மருமகள்கள் இப்படி மாற்றிச் சொல்கிற வார்த்தைகள் எனக்கு எத்தனை தெரியுமோ அத்தனையும் சொல்லும்படி கேட்டார். இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் இனி எந்த அப்பாவிப் பெண்ணும் இப்படி அலைய வேண்டியிருக்காதாம். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. புருஷனுக்குக்கூட முழுதாகத் தெரியாத பேச்சு அது. அடுப்படியில், கிணற்றடியில், நாங்களே பார்த்துப் பார்த்து உண்டாக்கியது. மரியாதைக்காகச் செய்துகொண்டோம், அது எங்களுக்கு ஒரு திரையாகவும் இருந்திருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. மறந்துபோச்சுங்க என்றேன். அவரும் ஒரு வீட்டு மருமகள்தானே, நான் மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. வற்புறுத்தவில்லை. தன்னுடையவற்றை அவரே சொல்லிக்கொடுத்திருப்பாரோ என்னவோ.

அத்தையின் குரலையாவது கொடுங்கள் என்று கேட்டேன். அதற்கு வழியில்லை, அரசாங்கத்தின் பொறுப்பில் இருப்பது என்றார். உன்னைப் பற்றிக் கேட்டேன். உன் விஷயம் வேறு, அது மூடவில்லை, வந்தால் விசாரிக்கத்தான் செய்வார்கள் என்றார். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

உன் அண்ணன் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினார். கடையில் இப்போதும் அதை விற்கிறார், ஆனால் இது எல்லாவற்றையும் கேட்குமா என்று வாங்க வருகிறவர்கள் கேட்டால், கேட்கும் என்று சொல்லிவிடுகிறார். பாதிப் பேர் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போகிறார்களாம். உன்னோடு போட்ட சண்டையில் மட்டும் அவர் முழுதாகத் தோற்கவில்லை. அன்று சாப்பிடும்போது, அவர்கள் பதிவு செய்யாவிட்டால் அம்மா கேட்டது நமக்குத் தெரிந்திருக்குமா என்றார். நீ படித்தவள், உனக்குப் பதில் தெரிந்தால் எழுது.

மாமாதான் பெட்டியை மறுபடி இணைக்கச் சொன்னார். அது பாவம், அதன் மேல் என்ன கோபம் என்றார். இப்போது தினமும் காலையில் அவர் அதன் முன்னால் உட்கார்ந்து, "வில்னூஸ்ல மழையா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார், எழுதிக்கொள்பவர்களுக்குப் பிழை வராதபடி. யாரிடமும் மறைக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. அவரைப் பார்க்கும்போது, மலையைப் பார்ப்பதுபோல நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர் உனக்கு ஒன்று எழுதச் சொன்னார். விருந்துக்கு வராதே. அடுத்த வருடமும் வராதே. "நான் இருக்கற வரைக்கும் வர வேணாம்னு எழுதும்மா" என்றார். எழுதிவிட்டேன். அந்த வரிக்கு முன்னால் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்து எழுதினேன்.

அவர் சொன்னது முடிந்தது. இனி நான் கேட்பது. லாரிக்காரர் திரும்பும்போது உன்னிடம் வருவார். அதற்குள் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி வாங்கு, கம்பியும் காற்றும் வேண்டாம், கையிலிருந்து கைக்கு வரட்டும். அதில் பேசு. பெரிய விஷயம் எதுவும் வேண்டாம். என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை போட்டாய், மழை வந்தால் குடை எடுத்தாயா, அதைச் சொல். அப்பா என்று ஒரு தடவை கூப்பிடு. அவர்களிடம் உன் குரல் மூட்டை மூட்டையாக இருக்கும், எங்களிடம் ஒரு பிடியாவது இருக்கட்டும்.

நீ நடக்கிற வழியெல்லாம் வெண்மையாக இருக்கட்டும், என் கண்ணே.

உன் அண்ணி,
மக்பால்
சாரிபுலாக்